மூன்று கட்டை டார்ச்சுக்கு எந்தப் பல்பு?

சென்ற ஐப்பசி மாதம் ஒரு மாலை நேரம். எங்கள் தெருவில் வசிக்கும் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு பழைய டார்ச் விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். முலாம் பூசிய பித்தளைக் குழாய். உள்ளே மூன்று பெரிய பேட்டரிகள். கிராமங்களில் இதை ‘மூணு கட்டை லைட்’ என்பார்கள். அது அவனுடைய தாத்தாவின் டார்ச். மும்முனை மின்சாரம் இரவில் வருகிற நாட்களில், வயலில் மோட்டார் போடுவதற்கு அவர் அதைப் பிடித்துக்கொண்டுதான் வரப்பில் நடந்து போவார்.

“பழைய பல்பு போய்விட்டது சார். கடையில் புதுப் பல்பு வாங்கிப் போட்டேன். வெள்ளை வெளேரென்று எரிந்தது. தாத்தாவுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் மோட்டார் கொட்டகைக்குப் போய்ச் சேர்வதற்குள் அணைந்துவிட்டது. பாதி வழியில், பாம்பு நடமாடுகிற வரப்பில், இருட்டில் நின்றுவிட்டார். மறுநாள் சைக்கிள் கடையில் வேறொரு பல்பு வாங்கினேன். அது அணையவில்லை. ஆனால் மின்மினிப் பூச்சி மாதிரி எரிகிறது. இரண்டு பல்பும் மரையில் சரியாகத்தான் பொருந்துகின்றன. அப்படியானால் டார்ச்தானே கெட்டுப்போயிருக்க வேண்டும்? பழைய பித்தளைக்குப் போட்டுவிடலாம் என்கிறார் அப்பா” என்றான்.

இரண்டு பல்புகளையும் மேசைமேல் வைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் அவற்றின் கழுத்தைப் பார்த்தோம். முதல் பல்பில் ‘2.5 வோல்ட், 0.3 ஆம்பியர்’ என்று பொறித்திருந்தது. இரண்டாவதில் ‘6 வோல்ட், 3 வாட்’.

“டார்ச்சில் ஒரு கோளாறும் இல்லை, தம்பி. மரையில் பொருந்துவது வேறு, மின்சாரத்துக்குப் பொருந்துவது வேறு. நீ முதலாவதை மட்டும்தான் பார்த்திருக்கிறாய்” என்றேன்.

ஒரே மரையில் பொருந்தும் மூன்று பல்புகளில் ஒன்று கருகுகிறது, ஒன்று மங்குகிறது, ஒன்று மட்டும் சரியாக எரிகிறது. அந்த ஒன்றை எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய பல்பில் எழுத்தே தெரியாவிட்டாலும் அதைக் கணக்கிட்டு அறிய முடியுமா? முடியும். பள்ளிக்கூடத்தில் நீங்கள் படித்த மின்னியலே அதற்குப் போதும்.

கட்டையை எண்ணுங்கள்

டார்ச்சுக்குள் பேட்டரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. ஒன்றின் நேர்மின்வாய் அடுத்ததன் எதிர்மின்வாயைத் தொடுகிறது. இது தொடர் இணைப்பு. ஆகையால் மின்னழுத்தங்களைக் கூட்டிக்கொள்ள வேண்டும். புதிய பசை மின்கலம் ஒன்றின் மின்னியக்கு விசை 1.5 வோல்ட். இரண்டு கட்டை டார்ச்சில் 3 வோல்ட், மூன்று கட்டை டார்ச்சில் 4.5 வோல்ட், ஐந்து கட்டை டார்ச்சில் 7.5 வோல்ட்.

“அப்படியானால் 4.5 வோல்ட் என்று எழுதிய பல்பைத்தானே கேட்டு வாங்க வேண்டும்?” என்றான் மாணவன். நியாயமான கேள்விதான். ஆனால் கடைகளில் மூன்று கட்டை டார்ச்சுக்கென்று விற்கும் மரைப் பல்பில் 3.8 வோல்ட் என்றும், இரண்டு கட்டை டார்ச்சுக்கான பல்பில் 2.5 வோல்ட் என்றும்தான் இருக்கும். மீதி வோல்ட் எங்கே போயிற்று?

மின்கலத்துக்குள்ளும் மின்தடை உண்டு. வெளியே உள்ள பல்பின் வழியாக ஓடும் அதே மின்னோட்டம் மின்கலத்தின் உள்ளேயும் ஓடியாக வேண்டும். அங்கே அது சந்திக்கும் தடையை அகமின்தடை என்கிறோம். ஓரளவு பயன்பட்ட துத்தநாக-கார்பன் மின்கலம் ஒன்றின் அகமின்தடை அரை ஓம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மின்கலங்களுக்கு 1.5 ஓம். மின்னோட்டம் 0.3 ஆம்பியர் என்றால், உள்ளேயே செலவாகும் மின்னழுத்தம் 0.3 × 1.5 = 0.45 வோல்ட். 4.5-இல் அதைக் கழித்தால் பல்புக்குக் கிடைப்பது சுமார் 4 வோல்ட்தான். நாட்கள் செல்லச் செல்ல மின்கலம் தளர்கிறது. அகமின்தடை கூடுகிறது, மின்னழுத்தம் குறைகிறது. பல்பு செய்பவர்கள் இதையெல்லாம் உத்தேசித்து, மின்கலத்தின் பயனுள்ள வாழ்நாளில் சராசரியாக என்ன கிடைக்குமோ அதற்கேற்பப் பல்பை அமைக்கிறார்கள்.

அந்தச் சராசரி எவ்வளவு? பல்புகளையே கேட்போம். மரையில்லாத, விளிம்புள்ள டார்ச் பல்புகளில் ‘பி.ஆர்.’ என்ற வரிசை ஒன்று உண்டு. அதில் இரண்டு மின்கலங்களுக்கான பி.ஆர். 2 பல்பு 2.38 வோல்ட். மூன்றுக்கான பி.ஆர். 3 பல்பு 3.57 வோல்ட். நான்குக்கான பி.ஆர். 13 பல்பு 4.75 வோல்ட். ஐந்துக்கான பி.ஆர். 12 பல்பு 5.95 வோல்ட். ஒவ்வொன்றையும் அதன் மின்கலங்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் விடை ஏறத்தாழ 1.19! மரைப் பல்புகளிலோ 2.5-ஐ 2-ஆல் வகுத்தால் 1.25. 3.8-ஐ 3-ஆல் வகுத்தால் 1.27.

ஆகவே ஒரு சுலபமான விதி கிடைக்கிறது. கட்டைகளை எண்ணுங்கள், அதை 1.2 அல்லது 1.25-ஆல் பெருக்குங்கள். அதுதான் உங்கள் பல்பின் வோல்ட். நம் மாணவனின் டார்ச்சுக்கு 3 × 1.25 = 3.75. அதாவது அவனுக்கு வேண்டியது 3.8 வோல்ட் பல்பு. சைக்கிள் டைனமோவுக்கான அந்த 6 வோல்ட் பல்பு ஐந்து கட்டை டார்ச்சில் போட்டால் நன்றாகவே எரியும். பல்பின் மேல் குற்றமில்லை, போட்ட இடம்தான் தவறு.

வெள்ளையாக எரிந்த பல்பு ஏன் அணைந்தது?

டார்ச்சின் கதையில் சிறிது பின்னோக்கிப் போவோம். 1899-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் நாள், டேவிட் மிசெல் என்பவருக்கு அமெரிக்காவில் குழாய் வடிவக் கைவிளக்குக்கான காப்புரிமை வழங்கப்பட்டது. குழாய்க்குள் மின்கலங்கள், ஒரு முனையில் பல்பு, அதன் பின்னால் ஒளியைத் திருப்பும் கிண்ணம் என்று இன்றைய டார்ச்சின் அமைப்பு அப்போதே வந்துவிட்டது. ஆனால் அக்காலப் பல்புகளில் இருந்தது கரி இழை. மின்கலங்களும் வலுவற்றவை. தொடர்ந்து எரியவிட முடியாது, பொத்தானை அழுத்திக் கணநேரம் பளிச்சிட வைக்கலாம். அமெரிக்கர்கள் அதற்கு ‘ஃபிளாஷ் லைட்’, அதாவது பளிச்சிடும் விளக்கு, என்று பெயரிட்டதற்கு இதுவே காரணம் என்பர். ஆங்கிலேயரோ தீவட்டியைக் குறிக்கும் ‘டார்ச்’ என்ற தங்கள் சொல்லையே இதற்கும் வைத்துக்கொண்டார்கள். நாமும் அதையே எடுத்துக்கொண்டோம்.

டங்ஸ்டன் என்ற உலோகத்தை மெல்லிய கம்பியாக இழுக்கும் முறையை வில்லியம் கூலிட்ஜ் 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்டறிந்த பின்னர் நிலைமை மாறியது. டங்ஸ்டன் 3,422 டிகிரி செல்சியஸில்தான் உருகும். உலோகங்களில் இதைவிட அதிக வெப்பத்தைத் தாங்கி உருகாமல் நிற்பது வேறில்லை. டார்ச் பல்பு எரியும்போது அதன் மின்னிழை 2,200 டிகிரியை ஒட்டிய வெப்பநிலையில் இருக்கிறது. அந்த வெப்பமே ஒளியாக வெளிப்படுகிறது.

உருகவில்லை என்றாலும், அத்தனை சூட்டில் டங்ஸ்டன் மெல்ல மெல்ல ஆவியாகிக்கொண்டே இருக்கும். நெடுநாள் எரிந்த பல்பின் கண்ணாடி உட்புறம் கறுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மின்னிழையிலிருந்து ஆவியான டங்ஸ்டன் கண்ணாடியில் படிந்து உண்டான கறுப்பு அது. இழை எங்கேனும் ஓரிடத்தில் மற்ற இடங்களைவிடச் சற்று மெலிந்துவிட்டால், அந்த இடத்தில் தடை அதிகம். தடை அதிகமானதால் சூடும் அதிகம். சூடு அதிகமானதால் அங்கேதான் ஆவியாதலும் அதிகம். இப்படி மெலிந்த இடம் மேலும் மெலிந்து ஒருநாள் அறுந்துவிடுகிறது. ‘பல்பு போய்விட்டது’ என்கிறோம்.

இப்போது, குறித்த அளவைவிட அதிக மின்னழுத்தம் கொடுத்தால் என்ன ஆகும்? பொறியாளர்கள் இதற்கு அனுபவத்தில் கண்ட இரண்டு விதிகளை வைத்திருக்கிறார்கள். மின்னிழைப் பல்பின் ஒளி, மின்னழுத்தத்தின் சுமார் 3.5-ஆம் அடுக்கில் கூடுகிறது. அதன் ஆயுளோ, மின்னழுத்தத்தின் சுமார் 12-ஆம் அடுக்கில் குறைகிறது!

மாணவனின் முதல் பல்புக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். அது 2.5 வோல்ட் பல்பு. கிடைத்ததோ சுமார் 4 வோல்ட். 4-ஐ 2.5-ஆல் வகுத்தால் 1.6 மடங்கு. 1.6-இன் 3.5-ஆம் அடுக்கு ஏறத்தாழ 5. ஆகவே ஐந்து மடங்கு ஒளி. தாத்தா சந்தோஷப்பட்டதில் வியப்பில்லை. ஆனால் 1.6-இன் 12-ஆம் அடுக்கு ஏறத்தாழ 280. டார்ச் பல்புக்கு வகுத்த ஆயுள் 15 மணி, அதாவது 900 நிமிடம் என்று கொண்டால், 900-ஐ 280-ஆல் வகுக்க மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகம். இவ்வளவு பெரிய வேறுபாட்டுக்கு அந்த விதி அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் விடை மணிக்கணக்கில் இல்லை, நிமிடக் கணக்கில்தான் என்பது தெளிவு. வீட்டிலிருந்து பாதி வரப்பு வரை நடக்கும் நேரம்!

இரண்டாவது பல்புக்குக் கணக்கு நேர்மாறானது. 6 வோல்ட் வேண்டிய இடத்தில் 4 வோல்ட், அதாவது மூன்றில் இரண்டு பங்கு. மூன்றில் இரண்டின் 3.5-ஆம் அடுக்கு கால் பங்குக்கும் சற்றுக் குறைவு. ஒளி நான்கில் ஒன்றாகிவிட்டது. சூடு குறைந்ததால் நிறமும் மஞ்சளாகி, சிவப்பை நோக்கிப் போய்விட்டது. ஆயுள் மட்டும் நூறு மடங்குக்கு மேல் நீளும். ஆனால் வழி தெரியாத விளக்குக்குத் தீர்க்காயுள் இருந்து என்ன பயன்?

ஒரு மல்டிமீட்டர் மயக்கம்

மாணவன் கெட்டிக்காரன். “பல்பின் தடையை மல்டிமீட்டரால் அளந்து, ஓம் விதிப்படி கணக்குப் போட்டாலே எத்தனை வோல்ட் பல்பு என்று தெரிந்துவிடாதா?” என்று கேட்டான். என்னிடம் இருந்த 3.8 வோல்ட், 0.3 ஆம்பியர் பல்பு ஒன்றை அளந்து பார்க்கச் சொன்னேன். ஏறக்குறைய 1 ஓம் காட்டியது. அவன் தாளில் எழுதினான்: 3.8-ஐ 1-ஆல் வகுத்தால் 3.8 ஆம்பியர். பல்பிலோ 0.3 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது. “ஓம் விதி பொய்யா சார்?” என்றான்.

ஓம் விதி பொய்யில்லை. வெப்பநிலை மாறாதிருக்கும்போது என்ற நிபந்தனையை நாம்தான் மறந்துவிடுகிறோம். மல்டிமீட்டர் அளந்தது குளிர்ந்த மின்னிழையை. எரியும் மின்னிழையின் தடை 3.8-ஐ 0.3-ஆல் வகுத்தால் கிடைக்கும் 12.7 ஓம். உலோகம் சூடேறச் சூடேற அதன் அணுக்களின் அதிர்வு மிகுந்து, எலெக்ட்ரான்களின் ஓட்டத்துக்கு இடையூறு அதிகமாகிறது. ஆகவே தடை கூடுகிறது. அறை வெப்பநிலைக்கும் எரியும் நிலைக்கும் இடையே டங்ஸ்டனின் தடை பன்னிரண்டு, பதின்மூன்று மடங்காகிவிடும்.

விசையைத் தள்ளிய அந்தக் கணத்தில் இழை குளிர்ந்துதான் இருக்கிறது. ஆகவே முதலில் பாயும் மின்னோட்டம் வழக்கத்தைவிட மிகவும் அதிகம். பழைய பல்புகள் எரிந்துகொண்டிருக்கும்போது போவதைவிட, போடும்போதே ‘பளிச்’ என்று போவது ஏன் என்பது இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும்.

பல்பின் கழுத்தைப் படியுங்கள்

வோல்ட்டைக் கண்டுபிடித்துவிட்டோம். அடுத்து ஆம்பியர். ஒரே 3.8 வோல்ட்டில், குறைந்த ஆம்பியர் பல்பும் கிடைக்கலாம், அதிக ஆம்பியர் பல்பும் கிடைக்கலாம். அதிக ஆம்பியர் என்றால் ஒளி அதிகம், பேட்டரியும் சீக்கிரம் தீரும். பெரிய கட்டைகளுக்கு 0.3 முதல் 0.5 ஆம்பியர் வரை தாங்கும். பென்சில் பேட்டரி போடும் சிறிய டார்ச்சுக்குக் குறைந்த ஆம்பியர் உள்ளதே நல்லது.

பிறகு அடிப்பாகம். மரையுள்ள டார்ச் பல்பின் மரை விட்டம் சுமார் 10 மில்லிமீட்டர். எடிசன் பெயரால் இதற்கு ‘ஈ 10’ என்று பெயர். வீட்டில் உள்ள அளவுகோலாலேயே அளந்துவிடலாம். சைக்கிள் டைனமோ விளக்குக்கும், பழைய ரேடியோக்களில் எண் தட்டுக்குப் பின்னால் எரியும் சிறு பல்புக்கும் பெரும்பாலும் இதே மரைதான். நம் மாணவன் ஏமாந்தது இங்கேதான். மற்றொரு வகையில் மரைக்குப் பதிலாக, தொப்பியின் விளிம்பு போல ஒரு வட்டத் தகடு இருக்கும். அது உள்ளே செருகி நிற்கும் வகை. மரைப் பல்புக்கு உரிய டார்ச்சில் விளிம்புப் பல்பு நிற்காது.

பழைய பல்பு கையில் இருந்தால் அதை எறிந்துவிடாதீர்கள். கழுத்துத் தகட்டில் எண்கள் அழுத்திப் பதிக்கப்பட்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் கொஞ்சம் சாக்குக்கட்டிப் பொடியைத் தேய்த்துத் துடையுங்கள். பள்ளத்தில் பொடி தங்கி எழுத்து வெள்ளையாகத் தெரியும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து லென்ஸால் பார்த்தாலும் தெரியும். துருவேறி ஒன்றுமே தெரியவில்லை என்றால் இருக்கவே இருக்கிறது நம் விதி: கட்டையை எண்ணி, 1.25-ஆல் பெருக்கு.

கிண்ணத்தின் குவியம்

சரியான வோல்ட், சரியான மரை. அப்படியும் சில சமயம் சுவரில் ஒளிவட்டத்தின் நடுவே கருமையான ஓட்டை விழுகிறதே, ஏன்?

டார்ச்சின் தலையில் உள்ள பளபளப்பான கிண்ணம் பரவளைய வடிவம் கொண்டது. பரவளையத்தின் குவியத்தில் ஒளி மூலம் இருந்தால், பிரதிபலித்த கதிர்கள் எல்லாம் இணையாகச் செல்லும். அதனால்தான் ஒளி சிதறாமல் நெடுந்தூரம் போகிறது. கிண்ணத்தின் வாய் விட்டம் 5 சென்டிமீட்டர், ஆழம் 2.5 சென்டிமீட்டர் என்று கொள்வோம். விட்டத்தின் வர்க்கத்தை ஆழத்தின் 16 மடங்கால் வகுத்தால் குவியத் தூரம் கிடைக்கும். 25-ஐ 40-ஆல் வகுத்தால் 0.625 சென்டிமீட்டர். ஏறத்தாழ 6 மில்லிமீட்டர்தான்! ஆகவே மின்னிழை இரண்டு மில்லிமீட்டர் முன்னே பின்னே இருந்தாலும் ஒளிக்கற்றை வெகுவாக விரிந்துவிடும்.

மரைப் பல்பு என்றால் அதையோ டார்ச்சின் தலையையோ சிறிது திருகி, பத்தடி தள்ளிச் சுவரில் பார்த்துக்கொண்டே வட்டத்தைச் சிறிதாக்கலாம். விளிம்புப் பல்பில் அந்த விளிம்பிலிருந்து இழை எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதைத் தொழிற்சாலையிலேயே அளந்து பொருத்திவிடுகிறார்கள். புதுப் பல்பு வாங்கும்போது பழையதன் பக்கத்தில் நிறுத்தி, இழையின் உயரம் ஒன்றாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பல்பின் மேல் மட்டும் பழி போடாதீர்கள்

வெளிச்சம் குறைந்தாலே பல்பை மாற்ற ஓடுகிறோம். டார்ச்சின் அடி மூடியைத் திறந்து ஸ்பிரிங்கைப் பாருங்கள். பேட்டரி கசிந்து வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருக்கும். அந்த அழுக்கு 1 ஓம் தடையை உண்டாக்கினால் போதும். 0.3 ஆம்பியர் ஓட்டத்தில் 0.3 வோல்ட் அங்கேயே வீணாகிறது. 3.8-இல் 0.3 என்பது 8 சதவீதம். ஆனால் 3.5-ஆம் அடுக்கு விதியால் ஒளி கால் பங்கு குறைந்துவிடுகிறது! கையில் உறை மாட்டிக்கொண்டு, உப்புத்தாளால் ஸ்பிரிங்கையும் தொடுமுனைகளையும் தேய்த்துச் சுத்தம் செய்தாலே பாதி டார்ச்சுகள் பிழைத்துக்கொள்ளும். நெடுநாள் எடுக்கப்போவதில்லை என்றால் பேட்டரிகளை வெளியே எடுத்து வையுங்கள்.

எல்.இ.டி. பல்பைப் போடலாமா?

இன்று டங்ஸ்டன் டார்ச் பல்பு எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை. அதே மரையில் எல்.இ.டி. பல்புகள் விற்கிறார்கள். தாராளமாகப் போடலாம். சிறிய மின்னிழைப் பல்பு ஒரு வாட் மின்திறனுக்குச் சுமார் 10 லூமென் ஒளிதான் தருகிறது. மற்றதெல்லாம் வெப்பம். வெள்ளை எல்.இ.டி. 100 லூமெனை ஒட்டித் தரும். பேட்டரி பல மடங்கு நாள் உழைக்கும். ஆனால் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, திசை. மின்னிழைக்கு மின்னோட்டம் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஒன்றுதான். எல்.இ.டி. ஒரு டையோடு. ஒரு திசையில் மட்டுமே மின்னோட்டத்தை விடும். பேட்டரிகளைத் தலைகீழாகப் போட்டால் எரியாது. பெரும்பாலான டார்ச்சுகளில் பேட்டரியின் நேர்மின்வாய், அதாவது குமிழ் உள்ள பக்கம், பல்பை நோக்கி இருக்க வேண்டும்.

இரண்டாவது, வோல்ட். வெள்ளை எல்.இ.டி. எரிவதற்கு ஏறத்தாழ 3 வோல்ட் தேவை. இரண்டு கட்டை டார்ச்சில் அது சரிவரக் கிடைக்காது. மூன்று கட்டையில் நேரடியாக இணைத்தால் மின்னோட்டம் அளவு மீறலாம். ஆகையால் நல்ல எல்.இ.டி. பல்பின் அடிப்பாகத்துக்குள் ஒரு சிறு மின்சுற்று வைத்து மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள். எத்தனை வோல்ட் முதல் எத்தனை வோல்ட் வரை என்று உறையில் எழுதியிருக்கும். உங்கள் டார்ச்சின் மொத்த வோல்ட் அந்த எல்லைக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே 1.25 வேண்டாம். புதிய பேட்டரியின் முழு 1.5-ஆல் பெருக்கிப் பார்ப்பதே பாதுகாப்பு.

மூன்றாவது, வடிவம். மின்னிழை எல்லாப் பக்கமும் ஒளி வீசும். பழைய கிண்ணம் அந்த ஒளியைச் சேர்த்து அனுப்புவதற்காக அமைந்தது. பல எல்.இ.டி. பல்புகள் முன்பக்கம் மட்டுமே ஒளி வீசுகின்றன. கிண்ணத்தில் ஒளி விழாதபோது அதற்கு வேலையே இல்லாமல் போகிறது. அருகில் வெளிச்சம் அதிகமாகத் தோன்றும், தூரத்தில் எட்டாது. கால்மாட்டில் பார்க்க அது போதும். நான்கு வயல் தள்ளிப் பார்க்க வேண்டியவருக்குப் போதாது.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு 2.5 வோல்ட் பல்பு, அதற்குரிய தாங்கி, இரண்டு பேட்டரி, ஒரு வோல்ட் மீட்டர், ஒரு அம்மீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் எரியாத பல்பின் தடையை மல்டிமீட்டரால் அளந்து எழுதுங்கள். அடுத்து ஒரே ஒரு பேட்டரியுடன் பல்பை எரியவிட்டு, பல்பின் இரு முனைகளுக்கிடையே மின்னழுத்தத்தையும் சுற்றில் மின்னோட்டத்தையும் அளந்து, வகுத்துத் தடையைக் காணுங்கள். பிறகு இரண்டு பேட்டரிகளுடன் அதையே செய்யுங்கள். மூன்று முறையும் தடை வெவ்வேறாக வரும். ஏன் என்று உங்கள் குறிப்பேட்டில் எழுதுங்கள். பல்பு எரியும்போதும் அணைத்த பின்னும் பேட்டரியின் முனைகளுக்கிடையே மின்னழுத்தத்தை அளந்தால், அகமின்தடையையும் கணக்கிட்டுவிடலாம். இந்தச் சோதனைக்கு டார்ச் பேட்டரி மட்டுமே போதும். வீட்டு மின்சாரத்தில் ஒருபோதும் இதைச் செய்யாதீர்கள். 230 வோல்ட் உயிருக்கு ஆபத்து.

அந்த மாணவனின் கதை என்னவாயிற்று? ஸ்பிரிங்கைத் தேய்த்துச் சுத்தம் செய்தோம். கடைவீதியில் பழைய ரேடியோ ரிப்பேர்க் கடையொன்றில் அவன் போய், “மரை வைத்தது, 3.8 வோல்ட், 0.3 ஆம்பியர்” என்று கேட்டானாம். கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒரு தகர டப்பாவை எடுத்து வைத்தாராம். அவன் இரண்டு பல்பு வாங்கி வந்தான். ஒன்றை டார்ச்சில் போட்டோம். மற்றொன்றுக்கும் டார்ச்சிலேயே இடம் இருந்தது. அடி மூடியின் உட்புறம், ஸ்பிரிங்குக்கு நடுவே, உதிரிப் பல்பு வைப்பதற்கென்று செய்தவர்களே ஒரு குழி வைத்திருந்தார்கள். அவ்வளவு நாளும் அது காலியாகக் கிடந்திருக்கிறது.

பல்பு என்றாவது ஒரு நாள் போகத்தான் போகும். அன்று தாத்தா வரப்பின் நடுவே நின்றாலும், மாற்றிப் போடச் சரியான பல்பு அவர் கையிலேயே இருக்கும்.